வறுத்த பயறும் ஆர்ட்டீமியா முட்டையும்

மேசை மேல் சாய்ந்து நின்று கொப்பளித்துக்கொண்டிருந்த பாட்டிலைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“என்னப்பா இது, காபித்தூளைப் போட்டு ஊத விட்டிருக்கே?”

“முட்டை பெரியம்மா. நாளைக்குப் பொரிஞ்சிடும்.”

“பொரியும் பொரியும். வறுத்த பயறே முளைக்கிற ஊராச்சே!”

காஞ்சிபுரத்தை அடுத்த எங்கள் திருப்புட்குழிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுத்து, விடிவதற்குள் அது முளைவிட்டிருந்தால் பிள்ளைப்பேறு நிச்சயம் என்பது மரகதவல்லித் தாயார் சந்நிதியின் நம்பிக்கை. அங்கே தாயார் அருள். என் பாட்டிலுக்கு வேண்டியது உப்பு, காற்று, வெளிச்சம், அளவான சூடு.

ஆர்ட்டீமியா என்பது உப்புநீரில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர். உப்பு ஏறி நீர் வற்றும்போது கெட்டி ஓட்டுக்குள் கருவை நிறுத்தி வைத்துவிடும். காய்ந்த நிலையில் அது ஆண்டுக்கணக்கில் உறங்கும். கடையில் வரும் டப்பாக்களில் நிறைய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து உப்பு ஏரியில் வாரியவை. அவ்வளவு தூரம் போவானேன், தூத்துக்குடி உப்பளங்களிலேயே ஆர்ட்டீமியா உண்டு. அதில் ஆண் துணையே இல்லாமல் பெண்ணே பெருகும் வகையும் இருக்கிறது.

ஃபைட்டர், கப்பி மீன் குஞ்சுகளுக்கு இதைவிட நல்ல முதல் தீனி எனக்குத் தெரியாது. துடிக்கிற இரையைத்தான் குஞ்சு துரத்தும். தூள் தீனி அடியில் தங்கித் தண்ணீரைக் கெடுக்கும். பொரிந்த ஆர்ட்டீமியா அரை மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். கப்பிக் குஞ்சு பிறந்த அன்றே தின்னும். ஃபைட்டர் குஞ்சின் வாய்க்கு முதல் சில நாள் இதுவும் பெரிது. அதுவரை பாசித் தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்களைக் கொடுங்கள்.

முட்டை வாங்குவதில்தான் நான் முதலில் ஏமாந்தேன். மழைக்காலத்தில் ஒரு கடையில் பெரிய டப்பாவிலிருந்து கவரில் அள்ளிக் கொடுத்தார்கள். மூன்று தடவை போட்டும் பத்துக்கு ஒன்றுகூடப் பொரியவில்லை. ஈரக்காற்று பட்ட முட்டை தேறாது. சீல் பிரிக்காத சின்ன டப்பாவாக வாங்குங்கள். பிரித்ததும் இறுக்கமான பாட்டிலில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு, ஃப்ரிட்ஜில் வையுங்கள். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போக நம்மூரிலிருந்து ஒரு நாள் ஆகிவிடும். அதனால் போகும்போதே இரண்டு டப்பா.

இனி வேலை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல் உப்பு. ஸ்பூன் கணக்கு வேண்டாம். கல் பெரிதும் சிறிதுமாக இருப்பதால் அளவு தவறும், தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். அயோடின் உப்பு ஆகாது என்பார்கள்; எனக்கு அதிலும் பொரிந்திருக்கிறது. கல் உப்பு மலிவு, அவ்வளவுதான். போர் தண்ணீர் நல்லது. குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போக விடுங்கள். ஆர்ஓ தண்ணீர்தான் இருக்கிறதென்றால் இரண்டு சிட்டிகை சமையல் சோடா சேருங்கள்; காரத்தன்மை இல்லாவிட்டால் பொரிப்பு குறையும்.

பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து, மூடி வழியாகக் காற்று விடும் முறையைப் பலர் சொல்வார்கள். பார்க்க அழகுதான். மூடியில் ஒட்டிய பசை விட்டு ஒரு ராத்திரி முழுக்க என் மேசை நனைந்தது. இப்போது பாட்டிலை நேராக வைத்து, ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்துவிடுகிறேன். தாழ்ந்த மூலைவரை ஏர் டியூப் போக வேண்டும். நுனியில் ஏர் ஸ்டோன் மாட்டாதீர்கள். பொடிக்குமிழிகள் முட்டையைச் சுவரில் அப்பிவிடும். பம்ப் பாட்டிலைவிட உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது தண்ணீர் பம்புக்குள் இறங்கிவிடும்.

கால் டீஸ்பூன் முட்டை போதும். ஒரு கிராமிலேயே இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும், ஆசைப்படாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து பாட்டிலைச் சுழற்றி, சுவரில் ஒட்டியதை உள்ளே இறக்குங்கள். முதல் சில மணி நேரம் பக்கத்தில் விளக்கு எரிய வேண்டும்.

சூடு 25 முதல் 28 டிகிரி. நம்மூர் மே மாதத்தில் அது எங்கே கிடைக்கும்? 33 டிகிரி தாண்டினால் கருவின் வளர்ச்சி நின்றுவிடும். குழித்தறி இருக்கிற வீடானால் தறிக்குழியோரம் வையுங்கள், அங்கே குளிர்ச்சி நிற்கும். மற்றவர்கள் அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் பாட்டிலை நிறுத்தலாம். மார்கழியில் நேர்மாறு, 36 மணி நேரம்கூட ஆகும்.

18 மணி நேரத்தில் ஒரு சொட்டு எடுத்து லென்ஸில் பாருங்கள். ஓட்டுக்குக் கீழே கரு குடை போலத் தொங்கும். 24 மணி நேரத்தில் பாட்டில் முழுக்க ஆரஞ்சு நிறம் துடிக்கும்.

பொரிய வைப்பதைவிடப் பிரிப்பதில்தான் கைப்பக்குவம். ஓடு குஞ்சு மீனுக்குச் செரிக்காது, குடலை அடைக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். காலி ஓடு மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் படியும். பாட்டிலைக் கறுப்புத் துணியால் சுற்றி, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் மட்டும் இடைவெளி விட்டு டார்ச் அடியுங்கள். உயிருள்ளவை வெளிச்சத்துக்கு வந்து ஜரிகைக் கண்டு போலத் திரளும். அந்தத் திரளை மட்டும் ஏர் டியூபால் உறிஞ்சி இறக்குங்கள். பழுப்புத் தூள் வர ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள், நெருக்கத்தில் மூச்சுத் திணறிச் சாகும்.

வடிகட்டப் பட்டுத் துண்டை முயன்றேன், ஊர்ப் பெருமை! நெசவு அவ்வளவு நெருக்கம், தண்ணீர் இறங்கவே இல்லை. பழைய மல் வேட்டித் துண்டு போதும். வடிந்ததை நல்ல தண்ணீரில் அலசி, இங்க் ஃபில்லரில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குஞ்சின் வயிறு ஆரஞ்சாக உப்பினால் போதும், நிறுத்திவிடலாம். நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரம்தான் தாங்கும். மிஞ்சியது செத்து நாறும்.

பொரிந்த எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. அதுவரை அதன் வயிற்றில் கருவின் சத்து இருக்கிறது. பிறகு தன்னையே தின்று இளைக்கும். மிச்சத்தை உப்புத் தண்ணீரோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். தினமும் இரு வேளை வேண்டுமானால் இரண்டு பாட்டில், 12 மணி நேர இடைவெளியில் போடுங்கள்.

பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். வெந்நீரில் குலுக்கி, ஒட்டிய ஓடுகளைப் பிரஷால் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துவிட்டால் அடுத்த முட்டைக்குத் தயார்.