சத்தமில்லாத பக்கவாதம்

அரிவாள் செல் (சிக்கிள் செல்) சோகை என்றதும் மூட்டுவலி, கைகால் குடைச்சல், அடிக்கடி ஆஸ்பத்திரி வாசம் என்றுதான் பலருக்கும் நினைவு வரும். நீலகிரியின் இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களுக்கு இந்த நோய் புதிதல்ல. இந்தியாவில் இந்தக் கோளாறு முதன்முதலாகப் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இங்குள்ள பழங்குடி மக்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். வலியைப் பற்றி அன்றுமுதல் பேசுகிறோம். மூளையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த இடைவெளியில்தான் தப்பான நம்பிக்கைகள் வேர்விட்டிருக்கின்றன.

நம்பிக்கை: ரத்தக் குறைவுதானே, முருங்கைக்கீரையும் சத்து மாத்திரையும் போதும்.

போதாது. இது இரும்புச்சத்து இல்லாமல் வரும் சோகை அல்ல. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வாலின் வந்துவிடுகிறது. அதனால் ஆக்சிஜனை இறக்கிவிட்ட சிவப்பணு விறைத்து, அரிவாள்போல வளைகிறது. சாதாரணச் சிவப்பணு 120 நாள் தாங்கும். இது 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். கீரை தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை கொடுப்பது தப்பு. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளின் உடம்பில் இரும்பு ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கும்.

நம்பிக்கை: பக்கவாதம் வயசானவர்களுக்கு வருவது.

இரு பெற்றோரிடமிருந்தும் இந்த நோயின் மரபணுவைப் பெற்ற குழந்தைகளில், தடுப்புச் சிகிச்சை இல்லாவிட்டால், 100 பேரில் சுமார் 11 பேருக்கு 20 வயதுக்குள் பக்கவாதம் வந்துவிடுகிறது. குழந்தைப் பருவத்தில் ஆபத்து உச்சத்தில் இருப்பது 2 முதல் 5 வயதுக்குள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் மூளை அதிக ரத்தத்தை இழுக்கிறது. அந்த வேகமும், ஒட்டும் தன்மையுள்ள சிவப்பணுக்களும் சேர்ந்து பெரிய தமனிகளின் உட்சுவரைக் கெடுத்து, குழாயைச் சுருக்கிவிடுகின்றன. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென ஒரு கை தொய்ந்தால், வாய் கோணினால், பேச்சு குளறினால், வலிப்பு வந்தால், ‘காத்து கருப்பு அடிச்சிருக்கு’ என்று மந்திரிக்க நேரம் கடத்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். போனதும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, பிள்ளைக்குச் சிக்கிள் செல் இருக்கிறது என்பதுதான்.

நம்பிக்கை: கைகால் நன்றாக இருந்தால் மூளையும் நன்றாகத்தான் இருக்கும்.

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. சத்தமில்லாத பக்கவாதத்தில் கை விழாது, வாய் கோணாது, பிள்ளை வழக்கம்போல ஓடியாடும். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் மூளையின் வெண்பகுதியில் சின்னச் சின்னத் தழும்புகள் தெரியும். மூளையின் முன்பகுதியை ஒட்டி, இரண்டு தமனிகளின் எல்லை சந்திக்கும் இடத்தில், ரத்தம் கடைசியாகப் போய்ச் சேரும் பகுதியில் இவை அதிகம். 18 வயதுக்குள் மூன்றில் ஒரு பிள்ளைக்கு மேல் இப்படி இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தழும்பே இல்லாத பிள்ளைகளிடமும், கடுமையான சோகையால் மட்டும், யோசனையின் வேகம் குறையலாம்.

வகுப்பறையில் இது எப்படித் தெரியும்? பாடம் புரியும், ஆனால் கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் டீச்சர் அழித்துவிடுவார். ‘நோட்டை எடு, 32-ம் பக்கம் திருப்பு, மூணாவது கணக்கைப் போடு’ என்றால் நோட்டு கையில் இருக்கும், மற்ற இரண்டும் மறந்துபோயிருக்கும். வலியால் போன வாரம் லீவு வேறு. இவ்வளவுக்கும் சேர்த்து நாம் வைத்திருக்கும் பெயர் ‘மக்கு’. பழங்குடிப் பிள்ளை என்றால் ‘இவங்களுக்குப் படிப்பு ஏறாது’ என்ற பழைய தீர்ப்பும் கூடவே வந்துவிடும். மருத்துவத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நம்பிக்கை: பரம்பரை நோய், வருவதைத் தடுக்க முடியாது.

நோய் பரம்பரைதான். மூளைப் பாதிப்பைப் பெருமளவு தடுக்கலாம். நெற்றிப்பொட்டில் கொஞ்சம் ஜெல் தடவி, ஒரு சிறு கருவியை வைத்து, மூளைத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கிறார்கள். டாப்ளர் ஸ்கேன்தான், ஊசி கிடையாது. பிள்ளை தூங்கிவிடக்கூடாது, தூங்கினால் வேகம் மாறிவிடும். நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் அபாயம். அத்தகைய பிள்ளைகளுக்கு மாதந்தோறும் ரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாதம் வரும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் குறைகிறது என்பதை அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1998-லேயே காட்டிவிட்டது. 2 வயதிலிருந்து 16 வயதுவரை ஆண்டுக்கொரு முறை இந்த ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது அதிலிருந்து வந்த பரிந்துரை.

ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையைப் பற்றியும் ஒரு பயம் உண்டு: ‘அது கேன்சர் மாத்திரையாமே?’ புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள், உண்மை. இங்கே அதன் வேலை வேறு. கருவிலிருந்தபோது இருந்த ஹீமோகுளோபினை மறுபடி கூட்டி, அணுக்கள் வளைவதைக் குறைக்கிறது. ரத்தம் ஏற்றிவந்த பிள்ளைகளில் பலரை, தமனி மோசமாகச் சுருங்கியிராத பட்சத்தில், மருத்துவர் மேற்பார்வையில் மெதுவாக இந்த மாத்திரைக்கு மாற்றலாம் என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாமல் செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

‘நம்ம ஊர் வகை லேசானது’ என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. இந்தியாவில் காணப்படும் மரபணு வகையில் கருப்பருவ ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதால் பலருக்குத் தொல்லை குறைவு. எல்லாருக்கும் அல்ல. இந்தியக் குழந்தைகளுக்கும் பக்கவாதம் வந்திருக்கிறது.

பள்ளியில் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. எழுதக் கூடுதல் நேரம், ஒவ்வொன்றாகச் சொல்லப்படும் வேலை, மேசைமேல் தண்ணீர் பாட்டில், கேட்டதும் கழிப்பறைக்கு அனுமதி. இந்த நோயில் சிறுநீரகம் நீரைத் தேக்கிவைக்காது. உடம்பு வறண்டால் வலி வந்துவிடும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் அரிவாள் செல் நோயும், தலசீமியாவும், ஹீமோஃபிலியாவும் இருக்கின்றன. தலைமையாசிரியரிடம் சலுகை கேட்கப் போகும் பெற்றோர் அதைச் சொல்லியே கேட்கலாம்.