மறைமலை நகர் வீட்டில் ஒலிப்பதிவு: ப்ராசசர் வாங்க முழுமையான வழிகாட்டி

1. முதலில் அறையைப் பாருங்கள்

ஷிஃப்ட் முடிந்து வந்து, வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய மைக் வாங்கி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை லாரிகள், இன்னொரு பக்கம் செங்கல்பட்டு மின்சார ரயில். சத்தத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துகிறோம். காற்றிரைச்சல் விழாதிருக்க மின்விசிறியையும் நிறுத்துகிறோம். சித்திரையில் அந்த அறை அடுப்புதான். சூடேறிய கணினி ப்ராசசரின் ஃபேன் வேகமெடுத்து, அந்த இரைச்சல் நேராக மைக்கில் ஏறும். அதனால் கடையில் "இருப்பதிலேயே வேகமானது" என்று கேட்காதீர்கள். 65 வாட் ரகம் போதும். மிச்சமாகும் பணத்தில் ப்ராசசருக்குப் பெரிய கூலர் வாங்குங்கள்.

2. பஃபரைப் புரிந்துகொள்ளுங்கள்

கணினி ஒலியைச் சிறு துண்டுகளாக வாங்குகிறது. துண்டின் அளவுதான் பஃபர். விநாடிக்கு 48,000 சாம்பிள் என்று வைத்தால், 128 சாம்பிள் பஃபர் சுமார் 2.7 மில்லி விநாடி. அதற்குள் ப்ராசசர் கணக்கை முடிக்காவிட்டால் 'டப் டப்' என்று ஒலி வெடிக்கும். பஃபரைக் கூட்டினால் வெடிப்பு நிற்கும், ஆனால் பாடுபவரின் குரல் ஹெட்போனுக்குத் தாமதமாக வந்து தாளம் தடுமாறும்.

ஒரு டிராக்கில் வரிசையாகப் போட்ட பிளக்இன்கள் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். ஆகவே தனிக் கோரின் வேகத்தை முதலில் பாருங்கள், எண்ணிக்கையைப் பிறகு. குரல், கீபோர்டு, கிட்டார் அளவுக்கு 6 கோர் தாராளம்: இன்டெல் ஐ5 12400, ஏஎம்டி ரைசன் 5 5600 இரண்டுமே பொருந்தும்.

3. சாக்கெட் பொருத்தம்

பலர் ஏமாறும் இடம் இதுதான். ரயிலேறி சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடைகளுக்குப் போகுமுன் மதர்போர்டின் பெயரைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அது ஏற்கும் ப்ராசசர் பட்டியலைப் பாருங்கள். 12400-க்கு எல்ஜிஏ 1700 சாக்கெட், 5600-க்கு ஏஎம்4. சாக்கெட் பொருந்தினாலும், மதர்போர்டில் உள்ள பழைய பயாஸ் புது ப்ராசசரை அடையாளம் காணாமல் போகலாம். பயாஸைப் புதுப்பித்துத் தரச்சொல்லிக் கேட்டு வாங்குங்கள். எல்ஜிஏ 1700 போர்டுகளில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு வகையும் உண்டு. ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டு என்றால் டிடிஆர்5 மட்டுமே.

4. திரைக்கு வழி

12400எஃப், 5600 இரண்டிலும் திரைக்குப் படம் தரும் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போட்டால் அதன் ஃபேனும் சத்தம் போடும். உள் கிராஃபிக்ஸ் உள்ள 12400 அல்லது 5600ஜி வாங்கிவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

5. பதிந்து கேளுங்கள்

ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு உரிய ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போட்டு, பஃபரை 128-இல் வையுங்கள். வெடித்தால் 256. மிக்ஸிங்கின்போது 1024 வரை போகலாம், அப்போது தாமதம் உறுத்தாது. கடைசியாக, மின்விசிறியை நிறுத்திவிட்டு எதுவும் பாடாமல் பத்து நிமிடம் வெறும் அறையைப் பதிந்து கேளுங்கள். கணினி ஃபேன் கேட்டால், மைக்கின் முதுகு கேபினெட்டைப் பார்க்கும்படி திருப்புங்கள். கார்டியாய்ட் மைக் பின்பக்கச் சத்தத்தை மிகக் குறைவாகவே வாங்கும்.