முதலில் அந்த மனுவைப் போடு

அன்புத் தம்பிக்கு,

கஞ்சா வழக்கொன்றில் வக்காலத்து போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். உன் கட்சிக்காரப் பையனை மாலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தில் பிடித்ததாக மகஜர் சொல்கிறது. காலையிலேயே வீட்டுக்கு வந்து கூட்டிப்போனார்கள் என்கிறாள் பையனின் தாய். அவளைக் கூண்டில் ஏற்றினால், வேண்டப்பட்ட சாட்சி என்று தள்ளிவிடுவார்கள். அந்தத் தாய்க்காகப் பேசக்கூடியது செல்போன் கோபுரப் பதிவுதான். குறுக்கு விசாரணையைப் பிறகு தயார் செய்துகொள்ளலாம், அழைப்பு விவரப் பதிவுக்கான (சி.டி.ஆர்.) மனுவை இப்போதே போடு.

தொலைபேசி நிறுவனங்கள் அழைப்பு விவரங்களை இரண்டு ஆண்டு வைத்திருந்தால் போதும். 2021 டிசம்பருக்கு முன் ஓராண்டுதான். நம் நீதிமன்றங்களில் எதிர்த்தரப்பு சாட்சியம் எப்போது வரும் என்று உனக்கே தெரியும்.

அரசுத் தரப்பு 2004-ஆம் ஆண்டின் தேபேந்திரநாத் பாதி தீர்ப்பை நீட்டும். குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் ஆவணங்களை வரவழைக்க எதிரிக்குப் பொதுவாக உரிமையில்லை என்பது அதன் சாரம். அதோடு மோதாதே. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 94-ஆம் பிரிவின் கீழ் பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்க மட்டும் இப்போது உத்தரவு கேள். வரவழைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பையனின் எண் மட்டும் போதாது. பிடித்த அதிகாரிகளின் எண்களையும் சேர். அந்த ஒரு நாளுக்கு மட்டும், கோபுர அடையாள எண்ணும் கைபேசியின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யும் வேண்டுமென்று குறிப்பிடு. மாதக்கணக்கில் கேட்டால் இழுத்தடிப்பு என்று மனுவே தள்ளுபடியாகும். தகவல் கொடுத்தவர் யாரென்று வெளியாகிவிடும் என்று ஆட்சேபிப்பார்கள். 2014-இல் சுரேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி காட்டியிருக்கிறது: பேசிய எண்களை மறைத்துவிட்டு, கோபுர இருப்பிடத்தைக் கொடுக்கலாம்.

ஒன்றை நேரில் போய்ப் பார். வீடும் பேருந்து நிலையமும் ஒரே கோபுரத்தின் வீச்சில் இருந்தால் பையனின் பதிவு உனக்கு உதவாது. கோபுரம் காட்டுவது ஒரு வட்டாரத்தைத்தான், ஆள் நின்ற இடத்தையல்ல. போன் யார் கையில் இருந்தது என்பதையும் அது சொல்லாது. வாட்ஸ்அப் அழைப்பு அதில் அழைப்பாகப் பதிவாகாது. சிறைக்குப் போய்ப் பையனிடம் ஒளிவுமறைவில்லாமல் கேள். அவனுக்கே பாதகமான பதிவும் அதில் இருக்கலாம்.

பதிவு வரும்போது புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.-இன் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழும் கூடவே வர வேண்டும். அது இல்லாத நகல் சாட்சியத்தில் ஏறாது என்பதை அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பு 2020-இல், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவை வைத்தே, உறுதி செய்துவிட்டது.

உத்தரவு கிடைத்த அன்றே அதன் நகலை நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்குப் விரைவுத் தபாலில் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைக் கட்டில் வை.

அன்புடன்,
உன் சீனியர்