புட்டிங்கின் சோதனை

சொற்களுக்கு அகராதியில் பொருள் காணலாம். மரபுத்தொடர்களுக்கு அவ்வாறு கண்டுவிட இயலாது. ஆங்கிலம் பயில்வோர் இதனை விரைவிலேயே உணர்வர். "தி புரூப் இஸ் இன் தி புட்டிங்" என்று ஆங்கிலம் பேசுவோர் பலர் இந்நாளில் கூறுகின்றனர். அகராதியை மட்டும் நம்பும் மாணவன் இதனைச் "சான்று புட்டிங்கினுள் இருக்கிறது" என்று மொழிபெயர்ப்பான். களவுப் பொருளைத் தேடிக் கண்ட காவலர் கூறும் செய்தி போலன்றோ இது தோன்றுகிறது!

உண்மையில் இது குறைபட்ட தொடராகும். "தி புரூப் ஆப் தி புட்டிங் இஸ் இன் தி ஈட்டிங்" என்பதே அதன் முழு வடிவம். 17ஆம் நூற்றாண்டிலேயே இப்பழமொழி இங்கிலாந்தில் அச்சேறியிருந்தது. இங்கே 'புரூப்' என்பது சான்று அன்று; சோதனை. சோதித்துப் பார்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல்லே அதன் மூலம். எனவே, புட்டிங்கைச் சோதிக்கும் வழி அதனை உண்டு பார்ப்பதே என்பது பழமொழியின் கருத்து. சுருக்கியவர்கள் உண்ணுதலை விட்டுவிட்டனர். பழமொழியின் உயிரே அதில்தான் இருந்தது.

புட்டிங் என்றவுடன் பாலும் சர்க்கரையும் சேர்ந்த இனிப்புப் பண்டமே நம் நினைவுக்கு வரும். முற்காலத்து ஆங்கிலேயர் அறிந்த புட்டிங் வேறு. இறைச்சியையும் கொழுப்பையும் தானியத்தையும் கலந்து, விலங்கின் குடலில் திணித்து, வேகவைத்து எடுப்பர். உள்ளே இருப்பது நல்ல இறைச்சியா, கெட்டதா என்பதைப் புறத்தோற்றம் காட்டாது. வாயில் இட்ட பின்னரே அறியலாம். உண்டவன் நலமே பணயமாக இருந்த சோதனை அது!

சோதனை என்னும் அப்பழம்பொருள் ஆங்கிலத்தில் இன்னும் முற்றும் மறைந்துவிடவில்லை. துப்பாக்கிக் குழல்களைச் சோதிப்பதற்கென்று 1813ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாகப் பர்மிங்காம் நகரில் ஒரு நிலையம் அமைந்தது. அதன் பெயர் 'புரூப் ஹவுஸ்'. வழக்கமான அளவினும் மிகுதியான மருந்தை இட்டுச் சுடுவர். வெடிக்காமல் தாங்கிய குழலுக்கே முத்திரை இடுவர். நம் அச்சகங்களிலும் 'புரூப் பார்த்தல்' என்னும் வழக்கு உண்டு. நூலை அச்சிடுமுன் ஒரு படி எடுத்துப் பிழை உளதா என்று சோதிப்பதே அது. ஆங்கிலம் அறியாத அச்சுக்கோப்பாளரும் இச்சொல்லைச் சரியான பொருளிலேயே ஆண்டு வந்தனர்.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பதை இதற்கு இணையாகக் கூறுவோர் உளர். அது முற்றும் பொருந்தாது. சிறு பகுதியைக் கொண்டு முழுமையை அறியலாம் என்பது நம் பழமொழி; பயன்படுத்திப் பாராமல் தரத்தை அறிய இயலாது என்பது அவர்தம் பழமொழி. ஆதலின், புதிய பாலம் ஒன்றன் வரைபடத்தைக் கண்டே அதனைப் புகழ்வாரிடம் இவ்வாங்கிலத் தொடரைக் கூறலாம். நம் தொடரைக் கூறல் பொருந்தாது.

ஆயினும், இத்திறவுகோல் எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது. "விதிவிலக்கு விதியை மெய்ப்பிக்கிறது" என்று ஆங்கிலத்தில் மற்றொரு தொடர் உண்டு. அதில் வரும் 'புரூவ்' என்னும் வினைக்கும் சோதித்தல் என்றே சிலர் பொருள் உரைப்பர். அது சட்ட வழக்கிலிருந்து வந்த தொடர். கி.மு. 56இல் பால்பஸ் என்பவருக்காக வழக்காடிய சிசரோ, சில உடன்படிக்கைகளில் மட்டும் ஒரு தடை எழுதப்பட்டிருப்பதைச் சுட்டி, எழுதப்படாத இடங்களில் அத்தடை இல்லை என்று வாதித்தார். "ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறவாது" என்று ஒரு பலகை தொங்கினால், ஏனைய நாள்களில் அது திறந்திருக்கும் என்று நாம் அறிந்துகொள்கிறோம் அல்லவா? அந்த அளவே அதன் பொருள்.