மிஞ்சும் இரண்டில் எது சரி?

கேள்வி: ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வுக்குப் படித்து வருகிறேன். மாதிரித் தேர்வுகளில் நான்கு விடைகளில் இரண்டைச் சுலபமாகக் கழித்துவிடுகிறேன். மிஞ்சும் இரண்டும் சரியென்றே படுகிறது. ஒன்றைக் குறித்துவிட்டுப் பிறகு மாற்றினால், மாற்றியதுதான் தப்பாகிறது. சந்தேகமானவற்றை விட்டுவிடலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: ஒன்றையும் விடாதீர்கள். இந்தத் தேர்வில் தப்பு விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. காலியாக விட்டாலும் தப்பென்றுதான் கணக்கு. 65 கேள்விகளில் 15 மதிப்பெண்ணில் சேராதவை. எவை என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே கேள்விப்படாத ஒன்று வந்தால் பதறாமல் ஏதேனும் குறித்துவிட்டு நகருங்கள்.

இரண்டும் சரியென்று தோன்றுவது உங்கள் குறையல்ல. பெரும்பாலும் இரண்டுமே வேலை செய்யும்; கேள்வியில் உள்ள நிபந்தனைக்கு ஒன்றுதான் பொருந்தும்.

ஒரு கேள்வியைப் பார்ப்போம். பிரைவேட் சப்நெட்டில் உள்ள ஈசி2 சர்வர், அதே ரீஜனில் இருக்கும் எஸ்3 பக்கெட்டிலிருந்து தினமும் பெரிய ஃபைல்களை எடுக்க வேண்டும். செலவு மிகக் குறைந்த வழி எது? நான்கு விடைகளில் இன்டர்நெட் கேட்வே முதலிலேயே அடிபடும். அதற்கு நேரடி ரூட் இருந்தால் அது பிரைவேட் சப்நெட்டே அல்ல. நாட் கேட்வே, இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்ட், கேட்வே எண்ட்பாயிண்ட் மூன்றிலும் வேலை நடக்கும். ஆனால் முதல் இரண்டுக்கும் மணிக்கணக்கிலும் ஜிபி கணக்கிலும் கட்டணம் உண்டு. கேட்வே எண்ட்பாயிண்டுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. அதுதான் விடை.

இதே கேள்வியில், 'அலுவலக டேட்டா சென்டரிலிருந்து டைரக்ட் கனெக்ட் வழியாக, பிரைவேட் ஐபி மூலம் எஸ்3-ஐ அணுக வேண்டும்' என்று மாற்றினால் விடையும் மாறும். கேட்வே எண்ட்பாயிண்டை விபிசிக்கு வெளியிலிருந்து பயன்படுத்த முடியாது. இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்ட்தான் வழி.

ஆகவே கடைசி வரியை முதலில் படியுங்கள். குறைந்த செலவா, குறைந்த பராமரிப்பு வேலையா, அதிக அவைலபிலிட்டியா என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு ஒவ்வொரு விடையையும் 'இது சரியா?' என்று கேட்காதீர்கள். 'எந்த நிபந்தனையில் இது தோற்கிறது?' என்று கேளுங்கள்.

நேரம் 130 நிமிடம். கேள்விக்கு இரண்டு நிமிடம். அதற்குள் முடிவாகவில்லையென்றால், தோன்றியதைக் குறித்து, ஃபிளாக் செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். திரும்பி வரும்போது, முன்பு கவனிக்காத சொல்லோ நிபந்தனையோ கண்ணில் பட்டால் மட்டும் விடையை மாற்றுங்கள். வெறும் சந்தேகத்துக்காக மாற்ற வேண்டாம்.

மாதிரித் தேர்வு முடிந்ததும், சரியாகப் போட்ட கேள்விகளுக்கும் சேர்த்து, மற்ற மூன்று விடைகள் ஏன் ஆகாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத வராத இடம்தான் நீங்கள் மறுபடி படிக்க வேண்டிய பாடம். டம்ப்களில் (கசிந்த தேர்வுக் கேள்வித் தொகுப்புகளில்) வரும் விடைகளை நம்பி இதைச் செய்யாதீர்கள். அவற்றில் தப்புகள் உண்டு, பயன்படுத்துவது தேர்வு விதிக்கும் புறம்பு. சந்தேகம் வந்தால் ஏடபிள்யூஎஸ்ஸின் சொந்த டாக்குமெண்டேஷனைத் திறந்து பாருங்கள்.