ஃபாக்ஸ்புரோவை நம்பினவங்களுக்கு என்ன ஆச்சு? பழைய டூலோட இருக்கலாமா, மாறணுமா?

20 வருஷ ஹோம் லோனுக்குக் கையெழுத்துப் போடும்போது பேங்க் உங்க பே சிலிப்பைப் பார்க்கும், சிபில் ஸ்கோரைப் பார்க்கும். அந்தச் சம்பளம் எந்த சாஃப்ட்வேர் தெரிஞ்சதால வருதுன்னு பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டாங்க. நாமளும் நம்மைக் கேட்டுக்கிறதில்லை. ஆனா 20 வருஷமும் இ.எம்.ஐ கட்டப்போறது அந்தத் திறமைதான். அது 20 வருஷம் தாங்குமா?

இதுக்கு ஃபாக்ஸ்புரோ ஒரு நல்ல பாடம். உங்கள்ல பல பேர் அந்தப் பேரைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டீங்க. 90-கள்ல நம்ம ஊர் கம்ப்யூட்டர் சென்டர்கள்ல டிபேஸ், ஃபாக்ஸ்புரோ கோர்ஸ்தான் வேலைக்கு வழி. கடை பில்லிங், ஸ்டாக் கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாத்தையும் அதுல எழுதினாங்க. ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் கம்பெனியை 1992-ல் மைக்ரோசாஃப்ட் வாங்குச்சு. விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9 வந்தது 2004 டிசம்பர்ல. 2007 மார்ச்ல, அடுத்த வெர்ஷன் வராதுன்னு மைக்ரோசாஃப்ட் சொல்லிடுச்சு. டெவலப்பர்கள் கையெழுத்து இயக்கம்கூட நடத்திப் பார்த்தாங்க. முடிவு மாறலை. 2015 ஜனவரியோட சப்போர்ட்டும் முடிஞ்சது.

தேதிகளைக் கவனிங்க. கடைசி வெர்ஷன்லருந்து சப்போர்ட் முடியுற வரைக்கும் சுமார் 10 வருஷம். 2005-ல் ஒருத்தர் இந்தத் திறமையை நம்பி 20 வருஷ லோன் எடுத்திருந்தா, பாதி லோன் மிச்சம் இருக்கும்போதே டூலுக்கு ஆதரவு போயிருக்கும்.

இதுல ஏமாத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. சப்போர்ட் முடிஞ்ச அன்னைக்கு எந்த ப்ரோகிராமும் நிக்கலை. நல்லாவே ஓடுச்சு. அதனாலதான் "நம்ம வேலைக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு தோணும். வேலை போறது கடைசியில நடக்கிறது. அதுக்கு ரொம்ப முன்னாடியே உங்க விலை குறைய ஆரம்பிச்சிடும்.

ஒரு உதாரணக் கணக்கு போடலாம். சம்பளம் மாசம் 60,000 ரூபாய். பழைய ப்ராஜெக்ட், வருஷம் 5% இன்க்ரிமென்ட்னு வெச்சுக்குங்க. 10 வருஷம் கழிச்சு சுமார் 97,700 வரும். பார்க்க நல்லாத்தான் இருக்கு. விலைவாசி வருஷம் 6% ஏறினா, இன்னைக்கு 60,000-க்கு வாங்குறதை அன்னைக்கு வாங்க சுமார் 1,07,450 வேணும். ஒவ்வொரு வருஷமும் இன்க்ரிமென்ட் லெட்டர் வாங்கிக்கிட்டே சம்பளம் குறைஞ்சிருக்கு. யாரும் உங்ககிட்ட சொல்லலை, அவ்வளவுதான்.

"அப்போ கோபால்?"னு கேட்பீங்க. பக்கத்து வீட்டு அங்கிளைச் சொல்லலை, 1959-ல் உருவாக ஆரம்பிச்ச ப்ரோகிராமிங் மொழியைச் சொல்றேன். நியாயமான கேள்வி. 2020 ஏப்ரல்ல, கொரோனா நேரத்துல, அமெரிக்காவோட நியூ ஜெர்சி கவர்னரே கோபால் தெரிஞ்ச தன்னார்வலர்கள் வேணும்னு வெளிப்படையா கேட்டார். வேலையில்லாதவங்களுக்கான உதவித்தொகை சிஸ்டம் அந்தப் பழைய மொழியில ஓடிட்டிருந்தது.

கோபால் பிழைச்சதுக்குக் காரணம் அதோட ரசிகர்கள் இல்லை. பேங்க், இன்ஷூரன்ஸ், அரசாங்கம் மாதிரி இடங்கள்ல அதைத் தூக்கிப் போடுற செலவும் ரிஸ்க்கும் ரொம்பப் பெருசு. அந்த மெயின்ஃப்ரேமை ஐ.பி.எம் இன்னமும் புதுசு புதுசா விக்குது. ஃபாக்ஸ்புரோவுக்கு ரசிகர்கள் இருந்தாங்க, ஆனா பின்னாடி நின்ன ஒரே கம்பெனி கையை எடுத்துடுச்சு. ஆக, டூல் பழசா புதுசாங்கிறது சரியான கேள்வியே இல்லை. அதைத் தூக்கிப் போட உங்க க்ளையன்ட்டுக்கு எவ்வளவு செலவாகும், அதை இன்னைக்கும் காசு போட்டு வளர்க்கிறது யாரு, இந்த ரெண்டையும் பாருங்க. ரெண்டாவதுக்குப் பதில் "யாருமில்லை"ன்னா, மேனேஜர் "நீ இல்லைன்னா இந்த ப்ராஜெக்டே இல்லை"ன்னு பாராட்டுறது எனக்கு நல்ல செய்தியா தெரியலை. ப்ராஜெக்ட் போனா நீங்களும் இல்லைங்கிறதும் அதே வாக்கியம்தான்.

டூல் மேல பாசம் இருக்கிறது தப்பில்லை. ஃபாக்ஸ்புரோ உண்மையிலேயே வேகமான டூல். ரஷ்மோர்னு ஒரு தேடல் உத்தி அதுல இருந்துச்சு. மைக்ரோசாஃப்ட் என்ன பண்ணுச்சு தெரியுமா? அந்த உத்தியைத் தன்னோட ஆக்சஸுக்கும் எடுத்துக்கிச்சு. நல்ல சரக்கைக் கையோட எடுத்துட்டுக் கடையை மூடிட்டாங்க. நீங்களும் அதையே பண்ணலாம். ஃபாக்ஸ்புரோவுக்குள்ளயே எஸ்.கியூ.எல் கட்டளைகள் இருந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டவருக்கு எந்த டேட்டாபேஸுக்கும் வழி திறந்திருந்தது. சம்பளப் பட்டியல் எழுதினவருக்கு பி.எஃப், இ.எஸ்.ஐ, டி.டி.எஸ் கணக்கு அத்துப்படி. அது எந்த மொழியில எழுதினாலும் செல்லும். டூலோட விலை வருஷா வருஷம் தேயும், அந்தத் தொழிலறிவோட விலை அப்படித் தேயாது. ரெண்டாவதை ரெஸ்யூமேல மேல கொண்டு வாங்க.

சரி, மாறணும்னு முடிவு பண்ணியாச்சு. எப்போ? பல பேர் "5 வருஷம் முடிச்சு கிராஜுவிட்டி வாங்கிட்டுப் போறேன்"ம்பாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. கடைசி பேசிக் 30,000 ரூபாய்னா, 5 வருஷத்துக்கு 30,000 × 15/26 × 5, சுமார் 86,500 ரூபாய். புது வேலையில மாசம் 15,000 கூடக் கிடைக்கும்னா, 4 மாசம் காத்திருந்தா 60,000 இழப்பு. காத்திருக்கலாம். ஒரு வருஷம் காத்திருந்தா 1,80,000 இழப்பு. வரி போனாலும் கிராஜுவிட்டியை விட அது அதிகம். அதுக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எமர்ஜென்சி ஃபண்டும் உங்களுக்கு வேற அளவு. எல்லாரும் சொல்ற 6 மாசச் செலவு, சுலபமா வேலை கிடைக்கிறவங்களுக்கு. கையில ஒரே ஒரு பழைய டூல் மட்டும் இருந்தா 9-லருந்து 12 மாசம் வெச்சுக்குங்க, அடுத்த வேலைக்குத் தயாராக நேரம் கூட எடுக்கும். அந்த ஃபண்ட் சேர்ற வரைக்கும் புது ஹோம் லோன் வேண்டாம்ங்கிறது என் கருத்து. வீட்டுல சண்டை வரும், தெரியும்.

வேலையை விட்டுட்டுப் படிக்கிறதும் தேவையில்லை. இப்ப இருக்கிற ப்ராஜெக்ட்லயே பழைய சிஸ்டத்தைப் புதுசுக்கு மாத்துற வேலை வந்தா, யாரும் கேட்கிறதுக்கு முன்னாடி கையைத் தூக்குங்க. ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆள் அங்கதான் உருவாகுறார், அதுவும் கம்பெனி சம்பளத்துல.

கடைசியா பி.எஃப். வேலை மாறும்போது பணத்தை எடுத்துடாதீங்க. மொத்தம் 5 வருஷ சர்வீஸ் ஆகுறதுக்கு முன்னாடி எடுத்தா வரி வரும். அதே யு.ஏ.என்-ல் புதுக் கம்பெனிக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணினா பழைய சர்வீஸும் சேர்ந்தே எண்ணப்படும். புது வேலையில சேர்ந்ததும், பழைய கம்பெனி நீங்க விலகின தேதியைப் பதிவு பண்ணியிருக்கான்னு ஒரு தடவை லாகின் பண்ணிப் பாருங்க. பல பேரோட டிரான்ஸ்ஃபர் அங்கதான் மாட்டிக்குது.