தொண்டைப் புண்ணும் இதய வால்வும்: விலங்கு ஆய்வுகள் உணர்த்துவன

குழந்தைகளுக்கு வரும் தொண்டைப் புண் பெரும்பாலும் சில நாட்களில் ஆறிவிடுகிறது. ஆனால் 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் புண்ணைத் தொடர்ந்து, இரண்டு அல்லது மூன்று வாரங்களில் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் தோன்றுகிறது. மூட்டு வீக்கம் தணிந்துவிடும். இதய வால்வில் ஏற்படும் சேதமோ வாழ்நாள் முழுவதும் நிலைக்கக் கூடும். 5 முதல் 15 வயது வரையுள்ளோரை, குறிப்பாக நெரிசலான குடியிருப்புகளில் வாழும் ஏழைக் குழந்தைகளை, இந்நோய் அதிகம் பாதிக்கிறது.

நோய் தோன்றும் முறை

கிருமி நேரடியாக இதயத்தைத் தாக்குவதில்லை. அதன் மேற்பரப்பிலுள்ள 'எம்' புரதம், இதயத் தசையிலுள்ள மயோசின் புரதத்தை ஓரளவு ஒத்திருக்கிறது. கிருமியை எதிர்க்க எழுந்த எதிர்ப்பொருள்களும் வெள்ளணுக்களும் இந்த ஒற்றுமையால் ஏமாந்து, உடலின் சொந்தத் திசுக்களையே தாக்குகின்றன. இதுவே தன்னெதிர்ப்பு எனப்படுகிறது.

ஆய்வில் எலியின் பங்கு

நோயுற்ற குழந்தையின் வால்வில் முதல் நாளிலிருந்து நிகழும் மாற்றங்களை நேரில் காண இயலாது. ஆகவே விலங்குகள் தேவைப்படுகின்றன. இதற்கு அதிகம் பயன்படுவது லூயிஸ் இன எலி. 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள், செயற்கையாகத் தயாரித்த எம் புரதத்தை இவ்வெலிகளுக்குச் செலுத்தியபோது, சிலவற்றின் வால்வுகளில் மனிதருக்கு வருவதை ஒத்த அழற்சி தோன்றியது. இத்தொற்றைத் தொடர்ந்து சில குழந்தைகளுக்குக் கைகால்கள் தம்மையறியாமல் துடிக்கும் நோயும் வருவதுண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் புரதங்களைச் செலுத்திய எலிகளின் நடத்தையிலும் இயக்கத்திலும் மாறுதல்கள் காணப்பட்டதாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவ்வாய்வுகளுக்கு வரம்புகளும் உண்டு. இக்கிருமியின் இயற்கையான இருப்பிடம் மனித உடலே. எலியிடம் நோயை உண்டாக்க, எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளையும் சேர்த்துச் செலுத்த வேண்டியுள்ளது. வீட்டு நெரிசலும், ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் வரும் தொற்றும் ஆய்வுக்கூடக் கூண்டில் இல்லை. எனவே எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்துதல் தவறு.

தடுப்பூசி தந்த பாடம்

இருப்பினும் இச்சோதனை ஏன் இன்றியமையாதது என்பதை ஒரு பழைய நிகழ்ச்சி விளக்கும். ருமாட்டிக் காய்ச்சல் வந்தோரின் உடன்பிறந்தார் 21 பேருக்கு எம் புரதத் தடுப்பூசி அளித்த ஆய்வொன்று, 1969இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. பின்னர் அவர்களுக்கு ஏற்பட்ட 18 தொற்றுகளில் 2 உறுதியாகவும், 1 பெரும்பாலும் ருமாட்டிக் காய்ச்சலாகவும் முடிந்தன. தடுப்பூசி பெறாத உடன்பிறந்தாரிடமோ 447 தொற்றுகளுக்கு 5 பேரே நோயுற்றனர். எண்ணிக்கை சிறிதாயினும் ஐயம் எழுந்தது. 1979இல் இக்கிருமியின் பொருள்கள் அடங்கிய தடுப்பூசிகளை அந்நாட்டு அரசு தடை செய்தது. அத்தடை 2006இல்தான் நீங்கியது. காக்க வந்த மருந்தே நோயைத் தூண்டுமா என்ற வினாவைக் குழந்தைகளிடம் அல்லாமல் முதலில் எலிகளிடம் கேட்பதே இப்போதைய நெறி. நம் நாட்டில் இத்தகைய சோதனைகள் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழுவின் கண்காணிப்புக்கு உட்பட்டவை.

நிருவாகத்தின் கடமை

தடுப்பூசி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொண்டைப் புண்ணுக்கு உரிய காலத்தில் பெனிசிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்பது 1950இலேயே அமெரிக்கப் படைத்தளம் ஒன்றில் நிறுவப்பட்டது. ஒருமுறை நோயுற்றவருக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கொருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி போட்டுவந்தால் மறுதாக்குதல் தவிர்க்கப்படும். ஊசியின் செலவு சிறிது. வால்வு அறுவைச் சிகிச்சையின் செலவு ஓர் ஏழைக் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தக் கூடியது. பள்ளி மருத்துவப் பரிசோதனை, நோயாளர் பதிவேடு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடையின்றி மருந்து ஆகிய மூன்றும் ஒழுங்காக நடைபெறுமானால், ஆய்வுக்கூடம் தன் விடையைத் தேடும் காலத்திலேயே எண்ணற்ற குழந்தைகளின் இதயங்கள் காக்கப்படும்.